சொந்த மெட்டை யாரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பது? ஆறு வழிகள், ஓர் ஒப்பீடு

தானாகவே கற்று இசையமைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: பாட்டு முடிந்துவிட்டது, இனி யாரிடம் காட்டுவது? வீட்டில் போட்டுக் காட்டினால் ‘நல்லா இருக்கு’ என்கிறார்கள். இணையக் குழுவில் போட்டால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள், இல்லையென்றால் யாருமே வாய் திறப்பதில்லை. ஆசிரியரிடம் போகலாம் என்றால் செலவும் தயக்கமும் தடுக்கின்றன. போட்டிக்கு அனுப்பினால் பதிலே வராது.

இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. ஒவ்வொருவரும் ஒரு வகைக் கேள்விக்குத்தான் பதில் சொல்லக்கூடியவர். வயலின்காரரிடம் பாட்டின் அமைப்பைப் பற்றிக் கேட்பதும், தங்கையிடம் பேஸ் லைன் (பாட்டின் அடியில் ஓடும் தாழ்சுர வரிசை) சரியா என்று கேட்பதுமே பாதி ஏமாற்றத்துக்குக் காரணம்.

## எதை வைத்து எடைபோடுவது

என்ன கேள்வி? கேள்விகள் நான்கு வகை. கேட்பவரின் கவனம் எங்கே நிற்கிறது, எங்கே நழுவுகிறது என்பது ஒன்று. ஹார்மனி (சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் விதம்), பகுதிகளின் அமைப்பு, மெட்டும் பேஸும் சேர்ந்து நகரும் விதம் ஆகிய கைத்திறன் சார்ந்தது இரண்டாவது. எழுதியதை மனிதர் வாசிக்க, பாட முடியுமா என்பது மூன்றாவது. மிக்ஸ் (எல்லா ஒலிகளையும் கலந்து ஒன்றாக்குவது), ஒலிச் சமநிலை நான்காவது.

எந்தக் கட்டம்? மற்ற அளவுகோல்களைவிட இதற்குத்தான் எடை அதிகம். மெட்டும் பேஸும் மட்டும் உள்ள 16 பார் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) வரைவில் ‘சரணம் நீளம்’ என்று ஒருவர் சொன்னால் பத்து நிமிடத்தில் வெட்டிவிடலாம். டிரம்ஸ், ஸ்டிரிங்ஸ், குரல் எல்லாம் ஏறி மிக்ஸும் முடிந்த பிறகு அதே கருத்து வந்தால், அது சரியென்று தெரிந்தாலும் வெட்ட மனம் வராது. கருத்துக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

எதை ஒப்படைக்க வேண்டும்? சிலருக்கு ஒலிக்கோப்பு போதும். சிலருக்கு ஸ்கோர், அதாவது எல்லாப் பகுதிகளையும் சுரக்குறியில் எழுதிய தாள், வேண்டும். வாசிப்பவருக்கு அவருடைய பகுதி மட்டும் தனித்தாளில் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? பணம் இதில் சிறு பங்குதான். நேரம், கடன்பட்ட நன்றி, ரசனை திரிந்துபோவது, முதல் கேட்பு வீணாவது எல்லாம் செலவுதான்.

உண்மை வருமா? உறவு நெருங்க நெருங்க உண்மை குறையும். உறவே இல்லையென்றால் அக்கறை குறையும்.

| வழி | நன்றாகச் சொல்வது | சொல்ல முடியாதது | ஏற்ற கட்டம் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| வீட்டார், நண்பர்கள் | கவனம் நழுவும் இடம் | காரணம், தீர்வு | வரைவு, கடைசி மிக்ஸ் | முதல் கேட்பு ஒருமுறைதான் |
| சக இசையமைப்பாளர் | கைத்திறன், மிக்ஸ் | அவருக்கும் தெரியாதவை | வரைவு | பதிலுக்கு நீங்கள் கேட்க வேண்டிய நேரம் |
| வாசிப்பவர், பாடுபவர் | வாசிக்க, பாட முடியுமா | முழு அமைப்பு | மெட்டு உறுதியானதும் | தாள் தயாரிக்கும் உழைப்பு |
| ஆசிரியர் | காரணம், மாற்று வழி | சாதாரணக் காதின் எதிர்வினை | பாதி எழுதியபோது | பணம், சார்ந்திருத்தல் |
| போட்டி | காலக்கெடு, ஒப்பீடு | பெரும்பாலும் எதுவுமே | முடிந்த படைப்பு | கட்டணம், உரிமை விதிகள் |
| மென்பொருள் | அளக்கக்கூடியவை | பாட்டு நன்றாக இருக்கிறதா | மிக்ஸ் | பொய்யான நிம்மதி |

## யாருக்கு அனுப்பினாலும் முதலில் செய்ய வேண்டியது

இரண்டு வடிவங்களை ஒப்பிடச் சொல்கிறீர்கள் என்றால் இரண்டின் ஒலி அளவையும் சமப்படுத்துங்கள். 1 டெசிபல் கூடுதலாக இருந்தாலே போதும், கேட்பவர் ‘இது சத்தமா இருக்கு’ என்று சொல்லமாட்டார். ‘இதுதான் தெளிவா இருக்கு, நிறைவா இருக்கு’ என்பார். லவுட்னஸ் மீட்டரில் முழுப் பாட்டின் சராசரி அளவைப் பார்த்து, வித்தியாசம் அரை டெசிபலுக்குள் வருமாறு வைத்தால்தான் அந்தத் தீர்ப்பு இசையைப் பற்றியதாக இருக்கும்.

நான்கு நிமிடப் பாட்டு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பாக இருந்தால் சுமார் 42 எம்பி வரும். அதே பாட்டு 320 கேபிபிஎஸ் எம்பி3-யில் 10 எம்பிக்குள் அடங்கும். கருத்துக்கு எம்பி3 தாராளம். பதிவிறக்கச் சிரமப்படுகிறவர் கேட்காமலே ‘அப்புறம் கேக்கறேன்’ என்று நகர்ந்துவிடுவார். கோப்பின் பெயரில் பாட்டின் பெயர், வடிவ எண், தேதி மூன்றும் இருக்கட்டும். ‘ஃபைனல் புதுசு 2’ என்று வைத்தால் இரண்டு வாரம் கழித்து யார் எதைக் கேட்டார் என்று உங்களுக்கே தெரியாது.

பாட்டு எப்படிப் பிறந்தது என்ற கதையைக் கேட்கும் முன்பே சொல்லிவிடாதீர்கள். ‘மழையை நினைச்சுப் போட்டது’ என்று சொன்னால் எல்லோருக்கும் மழை கேட்கும்.

## வீட்டாரும் நண்பர்களும்

இவர்களை ஏளனமாகப் பார்ப்பது வழக்கம். அது தவறு. பாட்டு கடைசியில் போய்ச் சேரப்போவது இசை படிக்காத காதுகளுக்குத்தான். அந்தக் காது எங்கே விழித்திருக்கிறது என்பதை இசை படித்தவர் சொல்ல முடியாது.

‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் வருவது மரியாதை. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

- எந்த இடத்தில் கை போனை எடுக்கப் போனது? நிமிடம், நொடி சொல்ல முடியுமா?
- முடிந்துவிட்டது என்று எங்கேயாவது நினைத்தீர்களா?
- இப்போது எந்தத் துண்டு ஞாபகம் இருக்கிறது? முணுமுணுத்துக் காட்டுங்கள்.

மூன்றாவது கேள்வி பொல்லாதது. பல்லவியை எதிர்பார்த்து நீங்கள் காத்திருக்க, அவர் இன்டர்லூடில் வரும் புல்லாங்குழல் துண்டைப் பாடுவார். பாட்டின் உண்மையான மெட்டு எங்கே இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

மறைமுகச் செலவு: ஒருவர் ஒரு பாட்டை முதல்முறை கேட்பது ஒரே தடவைதான். மூன்றாவது வடிவத்தை அதே நண்பரிடம் கொடுக்கும்போது அவர் காது பழகியிருக்கும். நீளமான இன்டர்லூடும் அவருக்கு இயல்பாகிவிட்டிருக்கும். ஐந்து பேர் இருந்தால் இரண்டு பேரிடம் வரைவைக் கொடுத்து, மற்ற மூவரைக் கடைசி வடிவத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்று: இவர்கள் போன் ஸ்பீக்கரில் கேட்பார்கள். பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தி இ 41 ஹெர்ட்ஸ். அந்தச் சிறு ஸ்பீக்கரில் அடிச்சுரம் வரவே வராது, மேல்நிலை அதிர்வுகள் மட்டும் ஏதோ கேட்கும். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாற்றத்தை பேஸ் மட்டுமே சுமந்துகொண்டிருந்தால் ‘நடுவுல வெறுமையா இருக்கு’ என்ற கருத்து வரும். அந்தக் கருத்து சரிதான், கீபோர்டிலோ கிட்டாரிலோ அந்தச் சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே தொட்டுக்காட்டினால் தீரும்.

இது ஏற்றது: பாட்டின் நீளம், அலுப்பு, நினைவில் நிற்றல் ஆகியவை உங்கள் கவலை என்றால். ‘என்ன தப்பு, எப்படித் திருத்துவது’ என்று மட்டும் இவர்களிடம் கேட்காதீர்கள். பாவம், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொல்வார்கள்.

## சக இசையமைப்பாளர்கள்

இதில் இரண்டு வகை உண்டு. பெரிய குழுவில் பொதுவாகப் போட்டுக் கேட்பது ஒன்று. ஒரே ஆளுடனோ மூன்று நான்கு பேருடனோ தொடர்ந்து மாற்றிக்கொள்வது மற்றொன்று. இரண்டாவதுதான் பலன் தருவது. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸும் வயலின் கலைஞர் யோவாகிமும் 1856-இல் கவுண்டர்பாயிண்ட் (பல மெட்டுகளை ஒரே நேரத்தில் பின்னி எழுதுவது) பயிற்சிகளைக் கடிதம் வழியாக மாற்றித் திருத்திக்கொண்டார்கள். அனுப்பத் தவறினால் அபராதம் என்று விதியும் வைத்துக்கொண்டார்கள். அந்த அபராதம்தான் ஏற்பாட்டின் உயிர். இந்த மாதிரி ஒப்பந்தங்கள் சண்டையால் முறிவதில்லை, மூன்றாவது வாரம் ஒருவர் சும்மா இருந்துவிடுவதால் முறிகின்றன.

பெரிய குழுவில் போடுவதென்றால் முழுப் பாட்டைப் போடாமல் 60 முதல் 90 நொடித் துண்டை மட்டும் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘0:42-இல் சரணத்துக்குத் தாவும் கார்டு வலிந்து நுழைத்ததுபோல் இருக்கிறதா?’ என்ற கேள்விக்குப் பதில் வரும். ‘கருத்துச் சொல்லுங்கள்’ என்பதற்கு வராது. நீங்கள் முதலில் நாலு பேருக்குக் கருத்து எழுதியிருந்தால் வருவது இன்னும் கூடும்.

செலவு இங்கே நேரம். நான்கு நிமிடப் பாட்டை மூன்று முறை கேட்டு, நிமிடக் குறிப்புடன் உருப்படியாக எழுத அரை மணிக்கு மேல் ஆகும். ஆனால் இந்தச் செலவுக்குத் திரும்ப வருவது உண்டு: அடுத்தவர் பாட்டில் ‘எட்டு பார் லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டின்) மேல் கருவிகள் ஏறிக்கொண்டே போகின்றன, எதுவும் நகரவில்லை’ என்று எழுதிவிட்டு உங்கள் புராஜெக்ட்டைத் திறந்தால், அங்கேயும் அதே லூப் உட்கார்ந்திருக்கும். கணினி முன் தானாகக் கற்றவர்களிடம் மிகப் பரவலான பழக்கம் இது. பிறர் பாட்டில் எளிதாகத் தெரியும், நம்முடையதில் தெரியாது.

ஆபத்தும் உண்டு. ஒரு குழுவில் எல்லோரும் ஒரே பாணியில் எழுதினால் அவர்கள் கருத்து உங்களையும் அந்தப் பாணிக்கு இழுக்கும். சினிமாப் பின்னணி இசை எழுதுகிறவர்களிடம் தனிப் புல்லாங்குழல் துண்டைக் கொடுத்தால் ‘கீழே ஒரு பேட் (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் சுரக்கூட்டு) சேர்த்தால் நல்லா இருக்கும்’ என்பார்கள். எதற்கும் அதையே சொல்வார்கள்.

இது ஏற்றது: மாதம் ஒரு துண்டாவது எழுதுகிறவருக்கு. வருடத்துக்கு ஒரு பாட்டுப் போடுகிறவர் இந்த ஏற்பாட்டைத் தாங்கமாட்டார், மற்றவர்களும் அவரைத் தாங்கமாட்டார்கள்.

## வாசிப்பவரும் பாடுபவரும்

குறைவாகப் பயன்படுவது இந்த வழி; வேகமாகக் கற்றுத்தருவதும் இதுவே. காரணம் எளிது. கணினி எதை எழுதினாலும் முணுமுணுக்காமல் வாசித்துவிடும்.

சில உதாரணங்கள். வயலினின் கீழ்த்தந்தி ஜி3, அடுத்தது டி4 (எழுத்து சுரத்தையும் எண் ஸ்தாயியையும் குறிக்கும்). ஜி3, பி3 இரண்டையும் சேர்த்து ஒலிக்கச் சொன்னால் ஒரு வயலினால் முடியாது. இரண்டும் டி தந்திக்குக் கீழே இருப்பதால் ஒரே தந்தியில்தான் விழும். டிராம்போனில் பி ஃபிளாட்2, பி2 இரண்டும் காதுக்கு அரைச்சுர தூரம். ஆனால் கூடுதல் வால்வு இல்லாத கருவியில் முதலாவது ஸ்லைடின் முதல் நிலை, இரண்டாவது ஏழாம் நிலை. கை முழுக்க நீட்ட வேண்டும். வேகமாக மாற்றி மாற்றி எழுதியிருந்தால் வாசிப்பவர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். புல்லாங்குழலின் கீழ் ஸ்தாயி இயல்பிலேயே மெலிது. சாம்பிள் லைப்ரரியில் (பதிவு செய்த கருவி ஒலிகளின் தொகுப்பில்) ஒலி அளவை மாற்றும் ஃபேடரை ஏற்றி டிரம்பெட்டுக்கு மேலே கேட்க வைத்திருப்பீர்கள், மேடையில் அது காணாமல் போகும். பி ஃபிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழுச்சுரம் தாழ்ந்து ஒலிக்கும், தாளை மாற்றி எழுதாமல் கொடுத்தால் முதல் பத்து நிமிடம் குழப்பத்திலேயே போகும்.

பாடுபவரிடம் கேட்க வேண்டியது ‘இந்த உச்சச் சுரம் எட்டுமா?’ என்பதல்ல. எட்டும் என்றே சொல்வார். பாட்டின் பெரும்பகுதி எந்தச் சுரங்களுக்கு இடையே நிற்கிறது என்பதுதான் குரலைக் களைப்பாக்கும். ஆகவே மூன்று முறை தொடர்ந்து பாடச் சொல்லுங்கள். மூன்றாம் முறை சுருதி தாழும் இடத்தில் மெட்டு உயரமாக இருக்கிறது, அல்லது மூச்சுக்கு இடமில்லை. பாடல் வரியையும் அப்போதே கவனியுங்கள்: குறில் எழுத்து நீண்ட சுரத்தில் விழுந்தால் ‘படம்’ ‘பாடம்’ ஆகிவிடும். இதைப் பாடகர் வாய்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

செய்முறை:

1. ஒன்று இரண்டு வாரம் முன்பே தாளை அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பார் எண், டெம்போ, மூச்சுக்குறி அல்லது வில்குறி இருக்கட்டும்.
2. நொட்டேஷன் எழுதத் தெரியாதவர் இரண்டு கோப்புகள் அனுப்பலாம்: மெட்டு மட்டும், கிளிக்குடன் (தாளம் காட்டும் தட்டொலியுடன்) மெதுவாக, பிறகு முழு டிராக், மெட்டு இல்லாமல். காதால் பிடித்து வாசிப்பவருக்கு இது தாளைவிட வசதி.
3. சந்திப்பை அரை மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள்.
4. ‘எங்கே கை சிக்குகிறது? இதே ஒலி வர உங்கள் கருவியில் வேறு சுலப வழி உண்டா?’ என்று கேளுங்கள்.

நான்காவதில்தான் புதையல். டி ஃபிளாட் மேஜரில் எழுதிய வயலின் ஓட்டத்தை டி மேஜருக்கு நகர்த்தினால் திறந்த தந்திகள் துணைக்கு வரும், ஒலியும் பிரகாசமாகும் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார். ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் தன் வயலின் கன்செர்ட்டோவுக்காக (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புக்காக) ஃபெர்டினாண்ட் டாவிட் என்ற வயலின் கலைஞரிடம் ஆண்டுக்கணக்கில் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். 1838-இல் பேச்சு எழுந்த அந்தப் படைப்பை 1845-இல் முதலில் மேடையேற்றியவரும் டாவிட்டே.

ஒரு எச்சரிக்கை. மரியாதைக்காக ‘பரவாயில்லை, வாசிக்கலாம்’ என்பார்கள். வார்த்தையைவிட, எந்த இடத்தில் வேகம் தானாகக் குறைகிறது என்று பதிவில் பாருங்கள். அவர் நேரத்துக்கு உரிய சன்மானத்தை முன்கூட்டியே பேசிவிடுவதும் நல்லது. இலவச உதவி இரண்டாம் முறை கேட்கும்போது கனக்கும்.

## ஆசிரியர் அல்லது கட்டண ஆலோசனை

‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் கிடைக்கும். நண்பர் ‘இரண்டாம் பாதி சலிப்பு’ என்பார். ஆசிரியர் காரணத்தைக் காட்டுவார்: எல்லா வாக்கியமும் நாலு நாலு பாராக முடிகிறது, கார்டு ஒவ்வொன்றும் பாரின் முதல் அடியிலேயே மாறுகிறது, எல்லாக் கார்டும் அதன் ஆதார சுரத்தின் மேலேயே நிற்பதால் பேஸ் லைன் மெட்டாக இல்லாமல் குதித்துக்கொண்டிருக்கிறது. தானாகக் கற்றவரின் குறைகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு பழக்கங்களின் பிள்ளைகள். அந்தப் பழக்கத்தைப் பெயர் சொல்லிச் சுட்டிவிட்டால் பத்துப் பாட்டுகள் ஒரே நாளில் திருந்தத் தொடங்கும்.

அதனால் முதல் சந்திப்புக்கு ஒரு பாட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். முடிந்தது ஒன்று, பாதியில் நிற்பது ஒன்று, கைவிட்டது ஒன்று என மூன்று கொண்டுபோனால் பழக்கம் வெளிப்படும். ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் கேட்கவும், மீதியில் பெரும்பகுதி ஒரே 16 பாரைப் பிரித்துப் பார்க்கவும் செலவாகட்டும். ‘இந்த இடத்தை இன்னும் இரண்டு விதமாக எழுதிக் காட்ட முடியுமா?’ என்று கேளுங்கள். ஒரே விதம் சொன்னால் அது அவர் ரசனை. இரண்டு மூன்று விதம் வந்தால் அது கல்வி.

தேர்ந்தெடுக்கும்போது அவருடைய சொந்த இசை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதைவிட, அவருக்குப் பழக்கமில்லாத பாணியைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். செவ்வியல் மேற்கத்திய இசை படித்தவர் எலக்ட்ரானிக் டிராக்கைக் கேட்டு ‘இதில் மாடுலேஷனே (பாட்டின் நடுவே ஆதார சுருதியை மாற்றுவது) இல்லையே’ என்றால் அடுத்த வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். முதலில் ஒரே ஒரு சந்திப்பு என்று பேசுங்கள். தொகுப்பாகப் பத்து வகுப்புக்கு முன்பணம் என்றால் நழுவிவிடுங்கள்.

மறைமுகச் செலவு சார்ந்திருத்தல். ஒவ்வொரு எட்டு பாருக்கும் அவர் ஒப்புதல் தேடத் தொடங்கினால் எழுதும் வேகம் விழும். இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே ஒரு துண்டையாவது யாரையும் கேட்காமல் முடித்துவிடுவது நல்ல வரம்பு.

இது ஏற்றது: ஒரே மாதிரி கருத்து மூன்று நான்கு பாட்டுகளுக்கு வந்தும் காரணம் பிடிபடாதவருக்கு. முதல் பாட்டை இப்போதுதான் எழுதுகிறவருக்குச் சீக்கிரம்.

## போட்டிகள்

கருத்துக்காகப் போட்டிக்குப் போக வேண்டாம். பெரும்பாலான போட்டிகளில் முடிவு மட்டும் வரும், காரணம் வராது. நடுவர் குறிப்பு உண்டு என்று விதிமுறையில் எழுத்தில் இருந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள். ‘இதுவரை வெளியாகாத, மேடையேறாத படைப்பு’ என்று கேட்கும் போட்டிகள் உண்டு. நீங்கள் பொதுக் குழுவில் முழுப் பாட்டைப் போட்டிருந்தால் தகுதி போகலாம். பெயரில்லாமல் அனுப்பச் சொன்னால் ஸ்கோரில் மட்டுமின்றி பிடிஎஃப், எம்பி3 கோப்பின் உள்விவரங்களிலும் பெயரை நீக்குங்கள். அனுப்பும் படைப்பின் உரிமையை அமைப்பாளருக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லும் வரி இருந்தால் விலகிக்கொள்ளுங்கள்.

காலக்கெடு இருந்தால்தான் எதையும் முடிப்பேன் என்பவருக்குப் போட்டி நல்ல சாட்டை. அவ்வளவுதான்.

## மென்பொருள்

அளக்கக்கூடியதை அளக்கட்டும். லவுட்னஸ் மீட்டர், ஸ்பெக்ட்ரம், மோனோவில் கேட்டுப் பார்ப்பது ஆகிய மூன்றும் மிக்ஸுக்குப் போதும். ஸ்டீரியோவில் அகலமாக ஒலித்த ஸ்டிரிங்ஸ் மோனோவில் மெலிந்துபோனால் இடது வலது அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன என்று பொருள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பணிவாகப் புகழும், கேட்டால் குறையும் சொல்லும், கேள்வியை மாற்றினால் கருத்தையும் மாற்றும். எழுதிக் கொடுத்த கார்டு வரிசையில் எழுத்துப்பிழை பார்க்க உதவலாம். சலிப்பு அதற்கு வராது என்பதால் சலிக்கிறதா என்று அதனிடம் கேட்பது வீண்.

## இரண்டு வழிகளுக்கு மட்டுமே நேரம் இருந்தால்

வீட்டிலேயே கணினியில் முழு டிராக் செய்து இணையத்தில் வெளியிடுகிறவர்: ஒரு நிலையான சக இசையமைப்பாளர், கடைசியில் புதுக் காதுகள் மூன்று. மனிதர் வாசிக்க ஸ்கோர் எழுதுகிறவர்: வாசிப்பவர் முதலில், பிறகு ஆசிரியர், இந்த வரிசையை மாற்ற வேண்டாம், வாசிக்க முடியாத தாளைப் பிரித்துப் பார்ப்பதில் கட்டணம் கரையும். பாடல் எழுதி மெட்டமைக்கிறவர்: பாடுபவர், நண்பர்கள். கூச்சத்தால் யாரிடமும் காட்டாதவர்: ஒரே ஒரு சக இசையமைப்பாளர், 16 பார் வரைவு, ஒரு கேள்வி.

## கருத்து வந்த பிறகு

மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே சிக்கல் உண்டு. அவர்கள் சொல்லும் மூன்று தீர்வுகளும் தவறாக இருக்கலாம், இடம் மட்டும் தவறாது. ஆனால் நோயின் வேர் பெரும்பாலும் எட்டு பதினாறு பார் முன்னால் இருக்கும். ‘உச்சம் எடுபடவில்லை’ என்றால் உச்சத்தில் டிரம்ஸைக் கூட்டும் முன் அதற்கு முந்தைய பகுதியில் எல்லாக் கருவிகளும் ஏற்கெனவே ஒலிக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே இரண்டைக் குறைத்தாலே உச்சம் எழும்பும்.

ஒரே இடத்தை ஒருவர் ‘அருமை’ என்றும் மற்றவர் ‘வெட்டு’ என்றும் சொன்னால் அது ரசனை வேறுபாடு. உங்கள் விருப்பம்போல் விடலாம்.

திருத்தும் முன் பழைய வடிவத்தைத் தனியே சேமியுங்கள். திருத்தி ஒரு வாரம் கழித்து, இரண்டையும் சம ஒலியில், எது எது என்று தெரியாதபடி வேறொருவரை இயக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கே வித்தியாசம் பிடிபடவில்லை என்றால் பழையதையே வைத்துக்கொண்டு அடுத்த பாட்டைத் தொடங்கிவிடுங்கள்.